பிலோமினா அக்கா ஒட்டிய மூன்று கழித்தல் குறிகள்

செய்தி வந்தபோது நான் ஒரு சோப்புக் கம்பெனியின் நாட்காட்டிக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். எங்கள் அச்சகத்தின் மிஷின்காரர் தஸ்தகீர் பாய், வண்ணாரப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவர், அன்று ராயபுரம் சுற்றி வந்திருந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா பூட்டாங்கப்பா. விடியக்காலைல. மூச்சு வாங்கிகினே இருந்தாங்களாம். அப்பால நின்னுட்சாம்."

பிலோமினா அக்கா எங்கள் அச்சகத்தை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. "விட்டுப் போய்" என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர் விட்டுப் போகவில்லை. நாங்கள் வெளியே அனுப்பினோம். முதலாளியிடம் போய்ச் செய்தியைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பொம்பள. கொஞ்சம் பிடிவாதம்" என்றார். பிறகு நாட்காட்டி எப்போது முடியும் என்று கேட்டார்.

அந்தக் "கொஞ்சம் பிடிவாதம்" இன்னும் என் காதில் எரிகிறது. இனி நாலு பேர் கூடி அவருடைய பொறுமையைப் பற்றியும் பணிவைப் பற்றியும் பேசுவார்கள். செத்துப்போன பெண்பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் பட்டங்கள் அவைதானே. பிலோமினா அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பணிவும் கிடையாது. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், அதற்காகத் தண்டிக்கப்பட்டார். தண்டித்தவர்களில் நானும் ஒருவன். அவரை அறிந்த அச்சகத்துக்காரர்களும், திருவொற்றியூர் பெயின்ட் தொழிற்சாலைத் தொழிலாளிகளும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தவர். கணவர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் யந்திரத்தில் வேலை செய்து, அங்கேயே அடிபட்டு இறந்துபோனார். யுத்த காலத்தில் ஆண்கள் படைக்குப் போய்விட்டதால் ஒரு கப்பல் கம்பெனி வரைபட அறையில் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கான்வென்டில் எட்டாவது வரை படித்த பிலோமினா அக்கா அங்கே வரைபடங்களில் எழுத்தும் எண்ணும் எழுதினார். யுத்தம் முடிந்ததும் ஆண்கள் திரும்பி வந்தார்கள். பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் வீட்டுக்குப் போகாமல் டோல்கேட் பக்கம் இருந்த எங்கள் அச்சகத்துக்கு வந்தார்.

கம்பெனி அறிக்கைகளில் வரும் புள்ளிவிவரப் படங்கள்தான் எங்களிடம் அவருக்கு வேலை. கோடுகளையும் பட்டைகளையும் மையில் வரைவார். படத்தின் அடியிலும் ஓரத்திலும் அளவு காட்டும் எண்கள் வருமே, பத்து, இருபது, முப்பது என்று, அவற்றைக் கையால் எழுதமாட்டார். அச்செழுத்தில் கோத்து, வழவழப்பான தாளில் அடித்து, ஒவ்வோர் எண்ணாகக் கத்தரித்து, பசை தடவி, அளவுக் கீறலுக்கு நேராக ஒட்டுவார். அதற்குப் பிறகு முழுப் படத்தையும் போட்டோ பிடித்துத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்வார்கள். அந்த பிளாக்கிலிருந்துதான் புத்தகத்தில் படம் விழும்.

சேர்ந்த முதல் மாதமே ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். சரக்குப் போக்குவரத்துப் படம் ஒன்றில் பாதி எண்களுக்கு லட்சக் கணக்கில் காற்புள்ளி இருந்தது, பாதிக்கு மில்லியன் கணக்கில் இருந்தது. அவர் விடுப்பில் இருந்தபோது வேறு யாரோ ஒட்டியது. எண் தப்பில்லையே, எண்ணிப் பார்த்தால் சரியாகத்தானே வருகிறது என்று முதலாளி கத்தினார்.

"படிக்கிறவன் எதுக்குங்க எண்ணிப் பாக்கணும்? பாத்தவொடன தெரியத்தானே படம் போடறோம்" என்றார் அக்கா. அடித்த தாள் அத்தனையும் கழிவுக்குப் போனது. நான் அன்று சிரித்தேன். இந்த அம்மாள் ஆறு மாதம் தாங்கமாட்டாள் என்று தஸ்தகீர் பாயிடம் சொன்னேன்.

எனக்கும் அவருக்கும் நேராக மோதல் வந்தது ஒரு ஐஸ் தொழிற்சாலையின் குளிர்நிலைப் படத்தில். பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்கள் அதில் இருந்தன. எங்கள் எழுத்துப் பெட்டியில் கழித்தல் குறி கிடையாது. வார்த்தைகளைச் சேர்க்கப் போடும் சின்ன ஹைஃபனைத்தான் அதற்கும் போடுவோம். எல்லா அச்சகத்திலும் அதுதான் வழக்கம். அக்கா மாட்டேன் என்றார். ஹைஃபன் குட்டையானது, எண்ணின் காலடியில் கிடக்கும், பிளாக்கில் அழுக்கு மாதிரி விழும். கழித்தல் குறி கூட்டல் குறியின் குறுக்குக் கோடு அளவுக்கு நீளமாக, அதே உயரத்தில் நிற்க வேண்டும் என்றார்.

"யாரு இதையெல்லாம் பாக்கப் போறாங்க அக்கா" என்றேன்.

"ஐபன் ரெண்டு வார்த்தைய சேக்கறதுக்கு. இது கழிக்கறதுக்கு. சேக்கறதும் கழிக்கறதும் ஒனக்கு ஒண்ணா மாணிக்கம்?"

மத்தியானம் சாப்பிடாமல் யானைக்கவுனி வரை போய், எழுத்து விற்கிற கடையில் ஒரு பொட்டலம் கழித்தல் குறி வாங்கி வந்தார். அதை ஒட்டும்போது மறுபடியும் சண்டை. நாலு என்ற இலக்கம் கீறலுக்கு நேராக நிற்கட்டும், குறி இடது பக்கம் வெளியே தொங்கட்டும் என்று நான் சொன்னேன். அவர் குறியையும் இலக்கத்தையும் ஒன்றாக அளந்து, இரண்டுக்கும் நடு எதுவோ அதைக் கீறலுக்கு நேராக வைத்தார். "அந்தக் கோடு எண்ணோட ஒடம்பு. தலைல வெச்ச தொப்பி இல்ல, வெளிய தொங்கறதுக்கு" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அரை நெல் அகலத்துக்கு இத்தனை பேச்சா என்று நினைத்தேன். அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. எனக்கு இல்லை.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆன பிறகு அந்தப் பெயின்ட் தொழிற்சாலைப் புத்தகம் வந்தது. தொழிலாளர் நலம் பற்றிய சின்னப் புத்தகம். தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு பிரதி, தொழிலாளிகளுக்கு ஆளுக்கு ஒன்று. தொழிற்சாலை டாக்டர் இளைஞர், ஒரு வருடம் மாதாமாதம் எல்லாப் பிரிவுக்காரர்களையும் தராசில் ஏற்றி எடை எழுதியிருந்தார். கூடியவர்கள் ஒரு படம், குறைந்தவர்கள் ஒரு படம். கூடியது ஆபீஸ், பட்டறை, டப்பா கட்டும் பிரிவு. குறைந்தது ஈயப் பொடி அறையும் அதைச் சேர்ந்த இரண்டு பிரிவுகளும். வெள்ளைப் பொடி புருவத்திலெல்லாம் படிந்து சாயங்காலச் சங்குக்கு வெளியே வருவார்களே, அவர்கள்.

பக்கம் குறுகலானது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாப் பட்டைகளும் பூஜ்யத்திலிருந்து வலது பக்கமாக நீளும்படி டாக்டர் வரைந்து கொடுத்தார். இரண்டு படத்துக்கும் சேர்த்து மேலே ஒரே தலைப்பு: எடை மாற்றம், ராத்தலில். இடது படத்தின் அடியில் 0, 2, 4, 6. வலது படத்தின் அடியில் 0, −2, −4, −6. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த மூன்று கோடுகள் மட்டும்தான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "கொறஞ்சவங்க பட்டைய இந்தாண்ட எடது பக்கமா இழுத்தா கண்ணுக்கே தெரியுமே டாக்டர்" என்றார். இடம் போதாது என்றார் டாக்டர். கீழே விளக்கம் எழுதியிருக்கிறேன், படித்தால் புரியும் என்றார். "அப்ப இந்த மூணு கோட்டு மேலதான் எல்லாம் நிக்குது" என்று சொல்லிக்கொண்டே அக்கா அந்தப் பொட்டலத்தை எடுத்தார்.

இரண்டு வாரத்தில் டாக்டரை மலைப்பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். நல அதிகாரி என்று ஒருவர் வந்தார். டாக்டர் எழுதிய விளக்கத்தை அடித்து நீக்கினார். படத்தை எடுக்க அவரால் முடியவில்லை. எடைப் படம் வேண்டும் என்று இலாகா முன்பே எழுதிக் கேட்டிருந்தது. ஒட்டி முடித்த படத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இந்தச் சின்னக் கோடெல்லாம் அழுக்கு மாதிரி இருக்கே. எடுத்துட்டா சுத்தமா இருக்கும்" என்றார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மேஜைத் தூசியைத் தட்டச் சொல்வது போலச் சொன்னார்.

"அது அழுக்கு இல்லீங்க. ஆளுங்க எளச்சிப் போனது" என்றார் அக்கா.

முதலாளி அக்காவை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. பெரிய வாடிக்கை, வருடம் முழுவதும் வேலை தருகிறவர்கள் என்றார். "வேற யாரயாச்சும் வெச்சிப் பிச்சிக்கோங்க. ஏங் கையால பிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்தார். அன்றே படம் அப்படியே பிளாக்குக்குப் போனது. முதலாளி வழிக்கு வந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

பிளாக் வந்த அன்று அக்கா வேறு வேலையாகத் துறைமுகம் போயிருந்தார். முதலாளி தஸ்தகீர் பாயைக் கூப்பிட்டு, தகட்டில் இருந்த மூன்று குறிகளையும் உளியால் சுரண்டச் சொன்னார். "எனக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்ல மொதலாளி" என்று சொல்லிவிட்டு பாய் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். முதலாளி தானே உட்கார்ந்து சுரண்டினார். ஒட்டின படத்தை எடுத்துப் போய்ப் பின்கட்டு அடுப்பில் போட்டார்.

பிறகு பிழை பார்ப்பதற்கான ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தது. இரண்டு படம். இரண்டின் அடியிலும் 0, 2, 4, 6. பொடி அறைக்காரர்களுக்கு ஆறு ராத்தல் கூடிவிட்டது. தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை, அதற்காகத்தான் எனக்கு அந்த நாற்காலி. முதலாளி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அக்கா அச்சான தாளைப் பார்த்தார். என்னிடம் வந்தார். "பாக்காம போட்டியா, பாத்துட்டுப் போட்டியா?"

"பாத்துட்டுத்தான்" என்றேன்.

அவர் தாளை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து காசி வந்தான். திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு குப்பத்தில் மீன்பிடிக் குடும்பம். கட்டுமரம் உடைந்து, வேறு வாங்க வழியில்லாமல் பொடி அறையில் வேலைக்குச் சேர்ந்தவன். அந்தப் புத்தகத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். படத்தைப் போட்டது யார் என்று கேட்டுக்கொண்டு வந்து அக்கா முன்னால் நின்றான்.

"யக்கா, பொடி ரூமுக்கு ஆறுன்னு போட்டுக்கீது. ஆறு ராத்தல் ஏறிட்சின்னு வெல்பேர் ஆபீசர் எங்கள நிக்க வெச்சிக் கைதட்டச் சொன்னாரு. நாங்களும் தட்னோம்." சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். "தோ பாருங்க. அரைஞாண் கவுறு நிக்க மாட்டேங்குது, எறங்கிகினே போவுது. வவுறு முறுக்குது. துடுப்பு புடிச்ச கை யக்கா, இப்ப சோத்த அள்ளுனா மணிக்கட்டு தொங்கிப்போவுது. எங்க ஏறிச்சி? எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணு மட்டும் தெரியும். அதான் கேக்கலாம்னு வந்தேன்."

அக்கா அவனை முக்காலியில் உட்காரவைத்தார். அவன் கையைப் பிடித்து மேஜைமேல் நீட்டினார். விட்டதும் கை மடங்கி விழுந்தது. "ஏறலப்பா. எறங்கிச்சி. நான் எறங்கிச்சின்னுதான் ஒட்னேன்" என்றார். அக்கா சொன்னது புரியாமல் அவன் எங்களையெல்லாம் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

அந்தப் பார்வைக்குப் பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அக்கா செய்தார். பொடி அறைக்காரர்களைக் கூட்டி, தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதிக் கொடுத்தார். ஒரு விசாரணை அதிகாரி வந்தார். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் விசாரணை நடந்தது. மலைப்பக்கம் போன டாக்டருக்குக் கடிதம் போட்டும் பதில் இல்லை. அவருடைய எடைப் பதிவேடு காணோம் என்று தொழிற்சாலை சொல்லிவிட்டது. மிஞ்சியது அச்சான புத்தகம். அதையும், நான் கையெழுத்திட்ட ப்ரூஃபையும் எடுத்துக்கொண்டு முதலாளி என்னைக் கூட்டிப் போனார்.

தொழிற்சாலை வக்கீல் எழுந்து அக்காவைக் கேட்டார்: "நீங்க டாக்டரா?"

"இல்லீங்க."

"கணக்குப் படிச்சிருக்கீங்களா?"

"எட்டாவது வரைக்கும் படிச்சேன்."

"அப்ப எடை ஏறிச்சா எறங்கிச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது டாக்டருக்குத் தெரியும். நான் எண்ணு ஒட்டறவ. ஒட்னது இன்னான்னு எனக்குத் தெரியும்."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நல அதிகாரி சிரிக்காமல் கூரையைப் பார்த்தார். விசாரணை அதிகாரி ப்ரூஃபை என்னிடம் நீட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒட்டிய படத்தில் இந்த எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்ததா என்று கேட்டார். முதலாளியின் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்க பெஞ்சில் காசி உட்கார்ந்திருந்தான்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

இந்த ஊரில் எத்தனையோ பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். நல அதிகாரி சொன்னார், முதலாளி சொன்னார், வக்கீல் சொல்லிப் பிழைக்கிறார். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் குறையப்போவதில்லை. ஆனால் அவர்கள் யாருக்கும் நான் சொன்னதற்கு நிகரான பொய் வாய்க்கவில்லை. பிழையைப் பிழை என்று சொல்வதற்காக வைத்த ஆள் நான்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "ஐயா, ஒரு ஸ்கேல் குடுப்பீங்களா" என்று அதிகாரியிடம் கேட்டார். பள்ளிக்கூடம் ஆயிற்றே, ஒன்று கிடைத்தது. புத்தகத்தை அதிகாரியின் மேஜைமேல் விரித்து, இடது படத்தில் அளவுகோலை வைத்தார்.

"இந்தப் படம் பாருங்க. பூஜ்யம், ரெண்டு, நாலு, ஆறு. ஒவ்வொண்ணும் கீறலுக்கு நேர் கீழ, நட்ட நடுவுல கீது. அளந்து பாருங்க." அதிகாரி அளந்தார். அக்கா அளவுகோலை வலது படத்துக்கு நகர்த்தினார். "இதுல பூஜ்யம் நடுவுல கீது. ரெண்டு தள்ளிக்கீது. நாலு தள்ளிக்கீது. ஆறும் தள்ளிக்கீது. எல்லாம் வலது பக்கமா. ஒண்ணு மட்டும் தள்ளியிருந்தா எங் கை நடுங்கிச்சின்னு சொல்லலாம். மூணும் ஒரே அளவு தள்ளிக்கீதே. நான் குறியையும் எண்ணையும் சேத்து அளந்துதான் நடுவுல வெப்பேன். முன்னால இருந்தத சொரண்டிட்டாங்க. மிச்சம் இருக்கறது தனியா தள்ளி நிக்குது."

அதிகாரி குனிந்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார். பிறகு அளவுகோலை வக்கீலிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். வக்கீல் வாங்கிக்கொண்டார், ஆனால் அளக்கவில்லை. பிளாக்கைக் கொண்டுவர முடியுமா என்று அதிகாரி கேட்டதற்கு, அது உருக்கப் போய்விட்டது என்றார் முதலாளி. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். காசி எழுந்து நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. பொடி அறையில் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் போட வேண்டும், ஆட்களை முறை வைத்து மாற்ற வேண்டும், மாதாமாதம் எடையை எழுதி அவரவர் கையில் சீட்டாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவும் நடந்தது. முனகிக்கொண்டு, தாமதமாக, ஆனால் நடந்தது. காசியை டப்பா கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். வயிற்று வலி நின்றது. கை பாதிதான் திரும்பியது.

யாருக்கும் தண்டனை கிடையாது. சுரண்டியது யார் என்பது நிரூபணமாகவில்லையாம். நல அதிகாரிக்கு அடுத்த வருடமே பதவி உயர்வு. புத்தகத்தைத் திருத்தி வேறோர் அச்சகத்தில் மறுபடி அடித்தார்கள். பிரதி ஒன்று என் கைக்கு வந்தது. கழித்தல் குறிக்கு ஹைஃபன் போட்டிருந்தார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் தெரியும்.

விசாரணை முடிந்த மறுநாளே அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம், அச்சக ரகசியத்தை வெளியிட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த அச்சகமும் அவரைச் சேர்க்கவில்லை. முதலாளிகள் ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இதில் அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையை அன்றுதான் பார்த்தேன். தொழிலாளிகளான நாம் என்ன செய்தோம்? பாவம் அக்கா என்றோம். ஒரு நாள் மிஷினை நிறுத்தினோமா? தஸ்தகீர் பாய் மட்டும் நிறுத்தலாம் என்று சொன்னார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வேலையைப் பார்த்தேன்.

கடைசியில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. கப்பலேறும் சணல் மூட்டைகளின்மேல் தகட்டு அச்சை வைத்து, தாரில் தோய்த்த பிரஷ்ஷால் எண்ணும் குறியும் போடுகிற வேலை. தகரக் கூரை, உள்ளே எப்போதும் சணல் தூசி மிதந்துகொண்டிருக்கும். அந்தத் தூசிதான் அவர் நெஞ்சில் இறங்கியது. ஈயத் தூசியிலிருந்து மற்றவர்களை வெளியே எடுத்தவரை இந்தத் தூசிக்குள் தள்ளியது நாம்தான். இதற்கு விதி என்று யாராவது பெயர் வைத்தால் நான் அவரோடு பேசமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வந்தது. மத்தியான இடைவேளை. மூட்டை மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருமல் அடங்கும்வரை கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"வா மாணிக்கம். குந்து. இன்னா சேதி?"

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும் அக்கா" என்றேன்.

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"என்னை மன்னிச்சிடுங்க."

அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. தாரில் கறுத்த விரல்களைக் கோணித் துண்டில் துடைத்துக்கொண்டார். "முடியாது" என்றார். "கோவத்துல சொல்றேன்னு நெனச்சிக்காத. அதெல்லாம் எப்பவோ பூட்ச்சி. நான் சரின்னு சொன்னா நீ வூட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே அத்த எறக்கி வெச்சிடுவ. அது ஒங்கிட்டயே இருக்கட்டும்."

பிறகு வெளியே தள்ளுவண்டிக்காரனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். தஸ்தகீர் பாயின் கண் நிஜமாகவே கெட்டுவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார். சங்கு ஊதியதும் எழுந்து போய்விட்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்துக்குப் பொடி அறைக்காரர்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் காசியும் இருந்தான். ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது, மறு கையை வெறுமனே கீழே கொடுத்திருந்தான். எங்கள் முதலாளி மாலை அனுப்பியிருந்தார். அதை யார் வாங்கி எங்கே வைத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

பிலோமினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல். அந்த "முடியாது". அதற்குப் பிறகு இரண்டு முறை தவறான ப்ரூஃபில் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன். ஒரு முறை மறுக்காமலும் போட்டிருக்கிறேன். அன்று ராத்தல் கணக்காக அந்தச் சொல் கனத்தது. அவர் பெரிய மனதோடு உன்னை மன்னித்துத்தான் போயிருப்பார் என்று என் மனைவி சொல்கிறாள், நண்பர்கள் சொல்கிறார்கள். இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்து, தெளிவாக, முடியாது என்றார். தயவுசெய்து யாரும் ஆறுதல் சொல்லி அதை என்னிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்.